பத்து வீட்டு அரிசி

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான், என் வீட்டுக்காரர், அவருடைய தங்கை, எங்கள் பிள்ளைகள் இரண்டு பேர். பெரியவளுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு மூன்று. மூன்றாம் வீட்டு இட்லிக்கார அக்கா. பங்காருபேட்டையிலிருந்து வந்தவர்கள் மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அப்பா, பெரியப்பா, அக்கா, அக்காவின் வீட்டுக்காரர், அவர்களுடைய கைக்குழந்தை, மாப்பிள்ளையோடு ரயில்வேயில் வேலை செய்கிற சிநேகிதர் ஒருவர். மொத்தம் பதினான்கு. கைக்குழந்தை சோறு தின்னாது. ஆகப் பதின்மூன்று இலை.

ஐந்து பேர் வருவதாகத்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எட்டுப் பேர் வந்து நின்றபோது நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை, தலையைத்தான் எண்ணினேன். ரேஷன் கார்டு கொண்டுவந்துவிட்ட பழக்கம் அது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதற்குப் பிறகு திரும்பத் திரும்பப் படித்தது என்றால் அந்தக் கார்டைத்தான். பெரிய தலை மூன்று, அரைத் தலை இரண்டு என்று எங்கள் வீட்டை அதில் எழுதியிருந்தார்கள்.

அறுபதுகளின் நடுவில், அரிசிக்கு எல்லோரும் அலைந்த காலம். தங்கச் சுரங்கத்து ஆட்களுக்கு ஸ்கெலட்டன் என்ற பேட்டையில் வரிசையாகக் கட்டியிருந்த லைன் வீடுகளில் ஒன்று எங்களுக்கு. ஒரே அறை, அதிலேயே ஒரு மூலை அடுப்படி. புதன்கிழமை எங்கள் கார்டுக்கு முறை. அரிசி கொஞ்சம், கோதுமை அதைவிட அதிகம், மீதிக்கு மக்காச்சோளம். அரிசி சனிக்கிழமை வரை வரும். கையை இறுக்கிப் பிடித்தால் ஞாயிறு மதியத்தைத் தொடும். திங்களும் செவ்வாயும் கோதுமையின் ராஜ்யம். மில்லில் கொடுத்து உடைத்துச் சோறு மாதிரி ஆக்குவோம், கஞ்சி காய்ச்சுவோம். மக்காச்சோளத்தை என்ன செய்வதென்று லைனில் ஒருத்திக்கும் சரியாகத் தெரியவில்லை. மாவாக்கிக் களி கிண்டி என் வீட்டுக்காரருக்குத் தூக்குச்சட்டியில் போட்டு அனுப்பினேன். அவருக்கு அண்டர்கிரவுண்டில் மரம் வைத்து முட்டுக் கொடுக்கிற வேலை. சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வந்து சட்டியை என் முன்னால் வைத்தார்.

"இன்னாமே குடுத்து அனுப்புனே? கீழ போயித் தொறந்தா செங்கல்லா கீது. மரம் பத்தாத எடத்துல முட்டுக் குடுக்கலாம்னு மேஸ்திரி சொல்றாரு."

ரேஷன் போதுமா, போதாதா என்று குழாயடியில் பேசாத நாள் கிடையாது. போதாது என்று ஒருத்தி வாயைத் திறந்தால், "அதுவும் இல்லன்னா இன்னாத்தத் துன்னுவே?" என்று இன்னொருத்தி குடத்தைக் கீழே வைத்துவிட்டு வருவாள். நான் இரண்டு பேருக்கும் தலையாட்டுவேன். இரண்டும் உண்மை என்றுதான் எனக்குப் பட்டது, இன்றைக்கும் படுகிறது. அந்த அரிசியும் கோதுமையும் வராமல் இருந்திருந்தால் என் பிள்ளைகள் என்ன ஆகியிருப்பார்கள் என்று நான் நினைத்துப் பார்ப்பதே இல்லை. ஆனால் அது கார்டில் எழுதிய தலைகளுக்கு மட்டும் போட்ட கணக்கு. வாசலில் வந்து நிற்கிறவருக்கு அதில் ஒரு பருக்கை கிடையாது. யார் வந்தாலும் "வாங்க" என்று சொன்ன கையோடு, "சாப்ட்டுத்தானே வந்தீங்க?" என்று நாங்களே கேட்கப் பழகியிருந்தோம். வந்தவர்களும் காய்ந்த வயிற்றோடு, "ஆச்சு, இப்பத்தான்" என்பார்கள். இப்படி ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டோம்.

பெண் கொடுக்கிற வீட்டில் இந்தச் சமாளிப்பு நடக்காது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வரும்போது காபி குடிப்பார்கள், வெற்றிலை போடுவார்கள், சோற்றில் கை வைக்க மாட்டார்கள். பேச்சு முடிவாகி, உறுதி செய்ய வருகிற நாளில்தான் கை நனைப்பார்கள். கை நனைத்துவிட்டால் சம்மதம். இலையில் கை வைக்காமல் எழுந்தால் அவ்வளவுதான். அதற்குச் சோறு வேண்டும், வெள்ளைச் சோறு. ஆறு மாதத்துக்கு முன் என் நாத்தனாருக்கு ஒரு இடம் முடிவாகிற மாதிரி வந்தது. உறுதி செய்ய அவர்கள் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. நான் கோதுமையை உடைத்து, முடிந்தவரை பொலபொலவென்று வேகவைத்து, மேலே நெய் மாதிரி தெரியட்டும் என்று கொஞ்சம் டால்டாவும் விட்டுப் பரிமாறினேன். பையனுடைய மாமா இலையைப் பார்த்தார்.

"சோறு போட முடியாத வூட்ல இன்னாத்தப் பொண்ணெடுக்கிறது?" என்று எழுந்துவிட்டார். மற்றவர்களும் எழுந்தார்கள்.

அவர்கள் தெரு முனை திரும்புவதற்குள் என் நாத்தனார், "நெல்லதாப் போச்சு அண்ணி. அந்தாளு மீசையப் பாத்தியா? தொடப்பக் குச்சி" என்று சிரித்தாள். அந்த இலைகளில் இருந்ததை வழித்துப் பிள்ளைகளுக்குப் போட்டாள். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் என்னோடு அதிகம் பேசவில்லை. பத்தொன்பது வயது அவளுக்கு. அம்மா அப்பா இல்லை, அண்ணனும் நானும்தான். அந்தக் கோதுமைச் சோற்றை நான்தானே ஆக்கினேன் என்பது எனக்குள் முள்ளாக இருந்தது.

பங்காருபேட்டை இடம் தானாக வந்தது. பையன் தண்டவாள வேலை, நல்ல மாதிரி. நாத்தனாருக்கும் பிடித்திருந்தது; பையன் வந்து போன அன்று அவள் விளக்கிய பாத்திரங்களை மறுபடியும் விளக்கியதிலிருந்து எனக்குத் தெரிந்தது. வருகிற ஞாயிறு உறுதி செய்ய வருகிறோம் என்று வியாழக்கிழமை காலையில் ஆள் வந்து சொன்னார். அரிசிப் பானையைத் திறந்து பார்த்தேன். எட்டு ஆழாக்கு இருந்தது.

"பிளாக்ல வாங்கிட்லாமா?" என்றார் என் வீட்டுக்காரர்.

ரயிலில் இடுப்பைச் சுற்றி அரிசியைக் கட்டிக்கொண்டு வந்து விற்கிற பெண்கள் இருந்தார்கள். ஒல்லியாக ரயில் ஏறிப் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி இறங்குவார்கள். வாங்கியவர் வீட்டிலும் வந்து சோதனை போடுகிறார்கள் என்று ஒரு பேச்சு. உறுதி செய்கிற வேளையில் போலீஸ் வந்து நின்றால்? அதோடு அந்த விலைக்கு எங்களிடம் காசும் இல்லை.

எங்கள் லைனில் அரிசிச் சீட்டு என்று ஒன்று நடந்தது. பத்து வீடு. வாரா வாரம் வியாழக்கிழமை ஒவ்வொரு வீடும் இரண்டு ஆழாக்கு அரிசி கொண்டுவந்து ஒரே பானையில் போட வேண்டும். போதாத அரிசியிலிருந்து எடுத்துத்தான் போட்டோம். பிறகு சொம்பில் துண்டுக் காகிதங்களைப் போட்டுக் குலுக்கி, யார் பெயர் வருகிறதோ அவர் அந்த இருபது ஆழாக்கையும் எடுத்துக்கொள்வார். பிறந்தநாள், வளைகாப்பு, ஊரிலிருந்து வருகிறவர்கள் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஏதாவது ஒன்று இருக்குமே, அதற்காக. ஒரு தடவை எடுத்தவர் பத்து வீடும் எடுத்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும்.

பானை என்னிடம் இருந்தது. "அது பயந்தாங்கொள்ளி, எலிகூட தொடாம காவல் காக்கும்" என்று லைனே சேர்ந்து என்னிடம் கொடுத்திருந்தது. உண்மைதான். அதிலும் எனக்கு ஒரு கவலை. ஒருத்தி நல்ல அரிசி போட்டாள், ஒருத்தி நொய் போட்டாள் என்று நாளைக்குப் பேச்சு வந்தால் நான் எங்கே போவேன்? அதனால் நானே ஒரு சட்டம் போட்டேன். எல்லோரும் போட்டு முடித்ததும் பானைக்குள் முழங்கை வரை கையை விட்டு நன்றாகக் கலக்கிவிடுவேன். யாருடையது எது என்று கடவுளாலும் சொல்ல முடியாது. சண்டையே வந்ததில்லை. எனக்கு அதில் பெருமையும் உண்டு.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் சீட்டுக் குலுக்கினோம். என் பெயர் இரண்டாவது வாரமே வந்து, எப்போதும் போல மாவாக இடித்துப் பிள்ளைகளுக்குப் புட்டு அவித்துத் தின்றாகிவிட்டது. இம்முறை வந்தது மூன்றாம் வீட்டு இட்லிக்கார அக்கா பெயர். முதல் ஷிஃப்டுக்குப் போகிறவர்களுக்குக் காலையில் இட்லி விற்கிறவர் அவர். குரல் சுரங்கத்து ஷாஃப்ட் அடிவரை கேட்கும். அவர் பானையைத் தூக்கி இடுப்பில் வைத்தபோது நான் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

"யக்கா, இந்த வாரம் உன் சீட்ட எனக்கு வுட்டுக் குடுக்கா."

"பொண்ணுக்கா?"

"ஆமாக்கா. ஞாயித்துக்கெழம வராங்க."

"பொண்ணுக்குன்னா வுட்றேன். ஏழு ரூவா குடு."

"ரேஷன் வெலைக்கு அதுல பாதிகூட வராதேக்கா."

"அப்போ ரேஷன்லயே போயிக் கேளு. பொண்ணு பாக்க வராங்க, கொஞ்சம் அரிசி சேத்துப் போடுங்கன்னு. போடுவான்." அக்கா பானையை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. "இது எனக்கு அஞ்சு நாளு இட்லிமே. அஞ்சு நாளு நான் அடுப்ப அணைச்சுட்டு குந்தணும். ஏழு ரூவா கேக்கறது தப்பா?"

தப்பில்லை. என் முந்தானை முடிச்சில் இரண்டு ரூபாய் இருந்தது. கொடுத்தேன். மீதி ஐந்து சம்பளத்தன்றைக்கு என்று பேச்சு. பானையை வாங்கி அணைத்துக்கொண்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு இலைக்கு ஒன்றரை ஆழாக்கு. எத்தனை தடவை விரல் விட்டு எண்ணிப் பார்த்தாலும் அரிசி போதும் என்றே வந்தது. அந்த வருடங்களில் கணக்கு எனக்குச் சாதகமாக வந்தது அபூர்வம்.

சனிக்கிழமை மத்தியானம், கல் பொறுக்கலாம் என்று கொஞ்சத்தை முறத்தில் கொட்டினேன். என் நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அக்காவும் "என் அரிசியப் பாத்துட்டுப் போறேன்" என்று வந்திருந்தார்.

முறத்தில் வெள்ளை வெளேரென்று பச்சரிசி. அதோடு மங்கலாகப் புழுங்கல். நடுவில் சிவப்பாக ஏதோ ஒன்று. நொய். ரேஷனில் ஒரு வாரம் பச்சரிசி வரும், ஒரு வாரம் புழுங்கல். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு நாள் முறை. மூட்டை மாறினால் அரிசி மாறும். பத்து வீடும் அவரவர் மிச்சம் பிடித்ததைப் போட, நான் முழங்கை வரை விட்டுக் கலக்கியிருந்தேன்.

"அண்ணி, இத்த எப்படி ஆக்கறது?" என்றாள் நாத்தனார் மெதுவாக.

பச்சரிசி ஒரு கொதியில் வெந்துவிடும். புழுங்கல் அப்போதுதான் விழித்துப் பார்க்கும். புழுங்கல் வேகும் வரை விட்டால் பச்சரிசி கூழாகிவிடும். நான் அக்காவைப் பார்த்தேன்.

"என்னிய ஏன் பாக்கறே? ஊற வச்சி ஆட்னா இட்லி பஞ்சா வரும். எல்லா வாட்டியும் அப்படித்தான் பண்ணேன். சோறு ஆக்குனதே இல்ல."

"முன்னாடியே சொல்லக் கூடாதாக்கா?"

"கேட்டியா? கலக்கனது நீதானே? கையி இம்மாம் வரைக்கும் வுட்டு!"

மற்ற வீடுகளிலும் அப்படித்தானாம். ஒருத்தி கஞ்சி காய்ச்சினாளாம், ஒருத்தி தோசைக்குப் போட்டாளாம், ஒருத்தி மாவு இடித்தாளாம். சீட்டு அரிசியை யாரும் சோறாக ஆக்கவே இல்லை. ஒருத்தரும் என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் பயந்துபோய்ச் சீட்டையே நிறுத்திவிடுவேன் என்று நினைத்தார்களாம்.

"இட்லியே போட்டுட்லாமா?" என்று கேட்டேன்.

"இட்லிக்கு எவன்மே கை நனைப்பான்? அது நாஸ்டா" என்றார் அக்கா. முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "குந்துங்க. பொறுக்குவோம்" என்றார்.

மூன்று பேரும் உட்கார்ந்து வெளிச்சம் இருந்தவரை பொறுக்கினோம். புழுங்கல் ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம். கண் பூத்துப்போனது. என் பெரியவளும் உதவி செய்கிறேன் என்று வந்து, சிவப்பை எல்லாம் எடுத்துத் தனியாகக் கோலம் மாதிரி வைத்தாள். அக்கா முழு நேரமும் பேசிக்கொண்டே இருந்தார். "இது ஏழாம் வூட்டுக்காரி அரிசி, பாரு, அவள மாதிரியே குள்ளமா கீது." நாத்தனார் சிரித்துச் சிரித்துப் பிரித்ததைக் கொட்டினாள், மறுபடியும் பொறுக்கினோம். பாதிக்கு மேல் முடிந்தது. வருகிறவர்கள் மத்தியான ரயிலுக்குத்தான் வருவார்கள். மீதியைக் காலையில் முடித்துவிடலாம்.

காலை ரயிலுக்கே வந்துவிட்டார்கள். எட்டுப் பேர்.

"மத்தியான வண்டி சொல்ற மாதிரி வர்றதில்லம்மா. அதான் கெளம்பிட்டோம்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. ஒரே அறை வீடு. விருந்தாளிகள் முன்னால் முறத்தை வைத்துக்கொண்டு அரிசி பொறுக்க முடியுமா? என் வீட்டுக்காரர் எல்லோரையும் பாயில் உட்கார வைத்து, எதைப் பேசுவது என்று தெரியாமல் சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்குகிற கேஜ் எவ்வளவு வேகமாக இறங்கும் என்று சொல்ல ஆரம்பித்தார். நான் அடுப்படி மூலையில் மூன்று பாத்திரத்தைப் பார்த்தேன். புழுங்கல், பச்சை, பிரிக்காதது. கடன் வாங்கிய குண்டானில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. கணக்குப் போட்ட பதினொரு இலை பதின்மூன்றாகி நிற்கிறதே என்பதைத் தவிர வேறு எதுவும் என் மண்டையில் ஓடவில்லை. பதின்மூன்றுக்கு ஒன்றரை வீதம் பத்தொன்பதரை. ஒரு மணி அரிசியும் வீணாகக் கூடாது. மூன்றையும் எடுத்து ஒன்றன்பின் ஒன்றாக உலையில் கொட்டினேன்.

நாத்தனார் என் தோளைப் பிடித்தாள். "அண்ணி! பிரிச்சதையும் கொட்டிட்டியா?"

அப்போதுதான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரிந்தது. அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு பாயில் இருந்தவர்களுக்குக் கேட்காமல், அவருடைய குரலுக்கு அது பெரிய சாதனை, "நேத்திக்கு என் இடுப்பு ஒடஞ்சதுக்கு யாரு பதில் சொல்றது?" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. நாத்தனார்தான் அழவிடவில்லை. கரண்டியை வாங்கிக்கொண்டு, "நீ சாம்பாரப் பாரு. இத்த நான் பாத்துக்கறேன்" என்றாள். அவள் குண்டானைக் கிளறவே இல்லை. கூழானது அடியில் இறங்கட்டும் என்று விட்டுவிட்டாள். கஞ்சியை வடித்தபோது மேலே புழுங்கல் விதை விதையாக நின்றது. அடியில் பச்சரிசி களியாகப் படிந்திருந்தது. "மேல கீறது பல்லு இருக்கறவங்களுக்கு. கீழ கீறது பல்லு இல்லாதவங்களுக்கு" என்றாள். கல்யாணம் அவளுக்கு, பதற்றமெல்லாம் எனக்கு.

இலை போட்டோம். பக்கத்து ஊர் பேத்தமங்களாவிலிருந்து கூடையில் வருகிற கத்திரிக்காய் போட்டுச் சாம்பார், உருளைக்கிழங்குப் பொரியல், அப்பளம், சேமியா பாயசம். வந்தவர்கள் எழுவர், அவர்களோடு என் வீட்டுக்காரர், பிள்ளைகள். முதல் பந்தியில் பத்து இலை. நாத்தனார் சோறு வைத்தாள். யாரும் தொடவில்லை, பெரியவர் தொடட்டும் என்று காத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா சோற்றைப் பார்த்தார், மீசையைத் தடவினார். அந்த மீசையைப் பார்த்ததும் எனக்குப் போன தடவை வந்தவர் ஞாபகம் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் பேசத்தான் செய்தார். "ரேஷன் அரிசியா?"

"இப்போ வேற எது கெடைக்குது பெரியவரே?" என்றார் என் வீட்டுக்காரர். "பூமிக்குக் கீழ எறங்கறவனுக்கும் ஒரு தலைதான், நாக்காலியில குந்தறவனுக்கும் ஒரு தலைதான். நான் கேஜ்லேர்ந்து எறங்கறதுக்குள்ள கஞ்சி கரைஞ்சிடுது. இன்னா கணக்கு இது?"

"அதுவும் குடுக்கலன்னா நீ இன்னா பண்ணுவே? தங்கத்தத் துன்னுவியா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"அதான் மேல வந்ததும் சட்டையெல்லாம் கழட்டிப் பாக்கறானே!"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் மாப்பிள்ளையின் அம்மா ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். மெல்லுவதை நிறுத்தினார். மறுபடியும் மென்றார். இலையில் இருந்த சோற்றை விரலால் லேசாகப் பரப்பிப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, இது எத்தினி வூட்டு அரிசி?"

எனக்குப் பொய் வராது. பொய் சொன்னால் பிறகு அதையும் நினைத்துக் கவலைப்பட வேண்டியிருக்கும். "பத்து வூடும்மா" என்றேன்.

"பத்தா!" அந்த அம்மா இலையைத் தள்ளவில்லை. சாம்பாரை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிக் கையைக் காட்டினார். "எங்க பக்கம் ஏழு வூடு சேந்து போட்டோம். சண்ட வந்து இப்ப நாலுதான். பத்து வூட்ட எப்பிட்றீ கட்டி மேய்க்கறே? நொய்யப் போட்டுட்டு நெல்ல அரிசின்னு சாதிப்பாளுங்களே?"

"கையி வுட்டு கலக்கிட்வா" என்று அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "அதான் இந்தச் சோறு!"

அந்த அம்மாவுக்குப் புரைக்கேறிவிட்டது. சிரிப்பும் இருமலுமாகத் தண்ணீர் குடித்தார். "நாங்க எங்க ஊட்ல ஒருவாட்டி இந்த அரிசியில சோறாக்கி, இவங்க அப்பா ரெண்டு நாளு பேசல." பெரியப்பாவின் பக்கம் திரும்பினார். "மாமா, துன்னுங்க. ரேஷன் கார்டுல விருந்தாளின்னு ஒரு பக்கம் இருக்குதா? இவங்க பத்து வூட்டக் கேட்டு நமக்குப் போட்டுகிறாங்க."

பெரியப்பா ஒரு பருக்கையை எடுத்து வாயில் வைத்தார். அவருக்கு முன்பக்கம் இரண்டு பல்தான். "கல்லாட்டம் கீதே."

நாத்தனார் அவர் இலையில் இருந்த சோற்றை ஓரமாக ஒதுக்கி, குண்டானின் அடியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வைத்தாள். களி மாதிரி, வெண்ணெய் மாதிரி. அவர் பிசைந்து உருட்டி வாயில் போட்டார். நான் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது சரி" என்றார். இன்னொரு உருண்டை போனது. "பொண்ணுக்குக் கண்ணு இருக்குது. யாருக்கு எது எறங்கும்னு தெரியுது." மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். மாப்பிள்ளையும் அவருடைய சிநேகிதரும் மேல்பக்கத்துச் சோற்றைக் கடித்துச் சாப்பிட்டார்கள். சிநேகிதர் மட்டும், "ரொம்ப நாளைக்கப்பறம் மென்னு சாப்டறேன்" என்றார். பாராட்டா கேலியா என்று நான் இன்னும் யோசிக்கிறேன்.

பாயசத்துக்குப் பிறகு தேதி பேசினார்கள். பெரியப்பா பஞ்சாங்கம் கொண்டுவந்திருந்தார், ஆவணியில் ஒரு நாள் சொன்னார். மாப்பிள்ளையின் அம்மா, "ஆவணி வாணாம் மாமா. ஆனியில எங்களுக்குக் கார்டு புதுசா எழுதறாங்க. அதுக்குள்ள கல்யாணம் முடிஞ்சா பொண்ணு பேரச் சேத்துட்லாம். தவற விட்டா அப்பால அலையணும்" என்றார். பெரியப்பா பஞ்சாங்கத்தை மறுபடியும் புரட்டினார். வைகாசிக் கடைசியில் நல்ல நாள் ஒன்று அகப்பட்டது.

எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். அந்தச் சந்தோஷத்துக்கு நடுவிலேயே, இவள் போனால் எங்கள் கார்டில் மூன்று பெரிய தலை இரண்டாகிவிடுமே என்று ஒரு நினைப்பு வந்தது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் வந்தது. என் வீட்டுக்காரரிடம் காதோடு காதாகச் சொன்னேன்.

"துன்றதும் ஒரு வாய் கொறையுமில்லமே" என்றார். சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய், கொஞ்ச நேரம் கழித்துத்தான் உள்ளே வந்தார்.

சாயங்கால ரயிலுக்கு அவர்களை அனுப்பிவிட்டு வந்தோம். நானும் நாத்தனாரும் அக்காவும் அப்போதுதான் இலை போட்டுக்கொண்டோம். நடுப்பகுதிச் சோறு எங்களுக்கு. அதில் கல்லும் உண்டு, கூழும் உண்டு. அக்கா வயிறாரச் சாப்பிட்டார். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"சரி. அஞ்சு ரூவா."

"சம்பளத்தன்னிக்குன்னு சொன்னேனேக்கா. அதுவுமில்லாம, இதுல ரெண்டு ஆழாக்கு என்னுதுதானே?"

"சீட்டுக்குப் போட்டப்பறம் உன்னுது இன்னா என்னுது இன்னா? நீதானே கலக்குனே, பிரிச்சுக் காட்டு பாக்கலாம்."

நாத்தனார் சுவரில் சாய்ந்துகொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த ஆறு மாதத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. "யக்கா, நீ துன்ன எலைக்குக் கழி" என்றாள்.

"கழிச்சுக்க. நியாயம்னா நியாயம். ஆனா சனிக்கெழம அரிசி பொறுக்குன கூலி?"

"அது பிரிச்சுக் குடுத்தாத்தான் கூலி. எல்லாம் ஒண்ணாத்தானே ஒலையில போச்சு?" என்றாள் நாத்தனார்.

அக்கா முந்தானையை உதறிக்கொண்டார். "பங்காருபேட்டக்காரி இவகிட்ட நெல்லா மாட்னா" என்று சொல்லிவிட்டு எழுந்தார். கூலி இல்லை என்று முடிவானது. தின்ற இலைக்குக் கால் ரூபாய் கழித்தார். அடுத்த வியாழனிலிருந்து பச்சரிசிக்கு ஒரு பானை, புழுங்கலுக்கு ஒரு பானை என்றும், என் கை எதற்குள்ளும் போகக் கூடாது என்றும் வாசலில் நின்று லைன் முழுவதும் கேட்கச் சொன்னார். நான் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்: மூன்றாம் வீட்டு அக்காவுக்குத் தர வேண்டியது, நாலே முக்கால் ரூபாய்.